போர் விளையாட்டுக்கு ஒரு வான் வரைபடம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் (குடியிருப்பு) பிள்ளைகளோடு ஒரு விண்வெளிப் போர் விளையாட்டு உருவாக்கிக்கொண்டிருக்கிறோம். கற்பனை நட்சத்திரம் ஒன்றுகூட வேண்டாம் என்பதில் எனக்குப் பிடிவாதம். பக்கத்திலேயே உண்மையான நட்சத்திரங்கள் இருக்கும்போது எதற்கு?

தட்டையான தாளில் வரைந்தால் தூரமெல்லாம் பொய்யாகிவிடும். அதனால் வல ஏற்றம், நடுவரை விலக்கம் (பூமியின் நெட்டாங்கு, அகலாங்கு மாதிரி வானத்தில் திசை காட்டும் இரண்டு கோணங்கள்), தூரம் மூன்றையும் வைத்து இடத்தைக் கணக்கிட்டு, பெரிய அட்டைப் பெட்டிக்குள் தங்கூசியில் (நைலான் இழை) நட்சத்திரத்துக்கு ஒன்றாக மணிகளைத் தொங்கவிடுகிறோம். ஒரு ஒளியாண்டுக்கு, அதாவது ஒளி ஓர் ஆண்டில் போகும் தூரத்துக்கு, 4 செண்டிமீட்டர். சூரியனுக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரமான பிராக்சிமா, சூரியனிலிருந்து 17 செண்டிமீட்டரில் ஆடுகிறது.

கப்பல் ஒரே தாவலில் 6 ஒளியாண்டுக்கு மேல் போக முடியாது என்று விதி வைத்தோம். அப்புறம்தான் சுவாரசியமே! லூமன் 16 நம்மிடமிருந்து சுமார் 6.5 ஒளியாண்டு, நேராகப் போக முடியாது. ஆனால் நாம் ஒரே தாவலில் எட்டக்கூடிய ஆல்ஃபா செண்டாரி நட்சத்திரத்திலிருந்து 3.6 ஒளியாண்டுதான். இரண்டு பழுப்புக் குள்ளன்கள் (நட்சத்திரமாக எரியும் அளவுக்கு எடை இல்லாதவை) சேர்ந்த இந்த மங்கல் ஜோடியை 2013-இல்தான் கண்டுபிடித்தார்கள். அதைப் பிடிக்க வேண்டுமென்றால் முதலில் ஆல்ஃபா செண்டாரியைப் பிடித்தாக வேண்டும். நாங்கள் யோசித்து வைத்த கோட்டை இல்லை அது, வானமே கட்டிக் கொடுத்தது.

"அண்ணே, சிரியஸுக்கு எப்படிப் போறது?" என்று ஒரு தம்பி கேட்டான். சரியான கேள்வி. அந்த நட்சத்திரம் நம்மிடமிருந்து 8.6 ஒளியாண்டு. 6 ஒளியாண்டுக்குள் இடைவழி இருக்கிறதா என்று இந்த வாரம் நட்சத்திரங்களை ஒவ்வொரு ஜோடியாக அளக்கிறோம். வர விருப்பமுள்ள பிள்ளைகளை அனுப்பி வையுங்கள், தங்கூசி மிச்சமிருந்தால் அதையும்.