நிரல் கட்டற்றதுதான், வழங்கத்தான் முடியாது

ஃபெடோரா என்ற லினக்ஸ் டிஸ்ட்ரோவின் 37-ஆம் பதிப்பில் ஏஎம்டி கிராஃபிக்ஸ் வைத்திருந்தவர்களுக்கு எச்.264 முறையில் சுருக்கிய வீடியோவின் சுமை முழுவதும் சிபியு மேல் விழுந்தது. டிரைவரில் பிழை இல்லை. கிராஃபிக்ஸ் டிரைவர்களின் தொகுப்பான மெசாவைத் தொகுக்கும்போதே எச்.264, எச்.265, விசி-1 ஆகிய மூன்று வீடியோ முறைகளுக்கும் வன்பொருள் டிகோடிங்கை அணைத்துவிட்டார்கள். மெசாவின் உரிமத்தில் குறையே கிடையாது. அணைக்க வைத்தது அந்த வீடியோ முறைகள் மீதான பேட்டன்ட். உரிமம், பேட்டன்ட் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டால் தீர்வைத் தவறான இடத்தில் தேடுவோம்.

பேட்டன்ட் சிக்கலுக்கு வழி, வேறு களஞ்சியம். ஃபெடோரா தராத பொதிகளை வைத்திருக்கும் ஆர்பிஎம் ஃப்யூஷனைச் சேர்த்து, ஃபெடோராவின் பொதி நிர்வாகியான டிஎன்எஃப்-இன் ஸ்வாப் கட்டளையால் மெசா-விஏ-டிரைவர்ஸ் பொதிக்குப் பதில் அதன் ஃப்ரீவேர்ல்டு பொதியைப் போட வேண்டும். பிறகு வன்பொருள் ஆதரவைக் காட்டும் விஏஇன்ஃபோவை ஓட்டினால் எச்.264 வரிகளுக்கு எதிரே விஎல்டி (டிகோடிங் உண்டு என்பதன் குறி) என்று தெரிய வேண்டும். மெசா புதுப்பிப்பு ஃபெடோராவில் முந்தி, ஆர்பிஎம் ஃப்யூஷனில் பிந்தி வந்தால் பொதிகள் மோதும். அப்போது மோதும் பொதியை நீக்க அனுமதிக்கும் அலவ்-எரேசிங் கொடுத்துத் தள்ளாதீர்கள், ஃப்ரீவேர்ல்டு பொதியே போய்விடலாம். பொறுத்திருப்பதே நல்லது.

டிஸ்ட்ரோவே பேட்டன்ட்டுக்குப் பணம் கட்டிவிடக் கூடாதா? ஜிபிஎல் 2 என்ற கட்டற்ற உரிமத்தில் உள்ள நிரல்களுக்கு அதன் 7-ஆம் பிரிவு இடம் தராது: பெறுகிறவர் எல்லாரும் ராயல்டியின்றி மறுபடி வழங்க முடியாதென்றால் நீங்களும் வழங்கக்கூடாது. சிஸ்கோ நிறுவனத்தின் எச்.264 நிரலான ஓப்பன்எச்264, இந்த நிபந்தனை இல்லாத பிஎஸ்டி உரிமத்தில் இருப்பதால் தப்பித்தது. அதிலும் சிஸ்கோ கட்டும் ராயல்டி சிஸ்கோ வழங்கும் பைனரிக்கு மட்டும்தான். அதே மூல நிரலை நீங்கள் தொகுத்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை.

பேட்டன்ட்டுக்காவது காலாவதி உண்டு: எம்பி3 உரிமத் திட்டம் 2017 ஏப்ரலில் முடிந்ததும் ஃபெடோரா என்கோடரையும் சேர்த்துக்கொண்டது. உரிம மோதல் காத்திருந்து தீராது, எழுதியவர்கள் உரிமத்தை மாற்றினால்தான் உண்டு. இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையின் சிடிடிஎல் உரிமம், லினக்ஸ் கெர்னலின் ஜிபிஎல் 2-உடன் ஒத்துப்போகாது. ஜிபிஎல் நிபந்தனைகள் வழங்கும்போதுதான் பிடிக்கும் என்பதால், டெபியன் டிஸ்ட்ரோ அதை முதன்மைத் தொகுப்புக்கு வெளியே உள்ள கான்ட்ரிப் பகுதியில் மூல நிரலாகவே தந்து, கெர்னல் மாட்யூல்களைத் தொகுக்கும் டிகேஎம்எஸ் வழியே உங்கள் கணினியில் தொகுக்கவைக்கிறது. (உபுண்டு 16.04 தொகுத்த மாட்யூலையே தந்தது. அது ஜிபிஎல் மீறல் என்று கட்டற்ற மென்பொருள் அமைப்பான சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி சொன்னது சரி என்றே நினைக்கிறேன்.) டெபியன் வழியில் தொல்லை கெர்னல் மாறும்போது வரும்: தொகுக்கத் தேவையான கெர்னல் ஹெடர் பொதி இல்லையென்றால் மாட்யூல் உருவாகாது, ரீபூட்டுக்குப் பின் இசட்எஃப்எஸ் பூல் (வட்டுத் தொகுப்பு) ஏறாது. லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஏஎம்டி64 நிறுவியிருக்கட்டும், ரீபூட்டுக்கு முன் டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் பாருங்கள்.

வீடியோ, ஒலி மாற்றும் நிரலான எஃப்எஃப்எம்பெக்கை நீங்களே தொகுப்பவரா? எக்ஸ்264 (ஜிபிஎல் உரிமத்தில் உள்ள வீடியோ என்கோடர்), எஃப்டிகே-ஏஏசி (ஜிபிஎல்லுடன் ஒத்துப்போகாத உரிமத்தில் உள்ள ஒலி என்கோடர்) இரண்டையும் சேர்த்தால், தொகுக்குமுன் ஓட்டும் கன்ஃபிகரின் முடிவில் உரிமம் நான்ஃப்ரீ (வழங்கக்கூடாதது) என்று காட்டும். சொந்தக் கணினியில் தாராளமாக ஓட்டலாம். டாக்கர் இமேஜில் வைத்துப் பொதுவில் ஏற்றினால் அதுவும் வழங்கல்தான். அங்கே எஃப்டிகேவை எடுத்துவிட்டு எஃப்எஃப்எம்பெக்கின் சொந்த ஏஏசி என்கோடரைப் பயன்படுத்துங்கள்.