ஆமையின் கண்ணீர்

ஆமையின் மூக்கு நுனியில் ஒரு ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சி. கண்ணோரத்தில் இன்னும் இரண்டு.

தூக்கம் வராமல் போனைத் தள்ளிக்கொண்டிருந்தபோது வந்த வீடியோ. அமேசானில், ஆற்றோரக் கட்டையில் வெயில் காயும் மஞ்சள் புள்ளி ஆமை. பட்டாம்பூச்சி உறிஞ்சுகுழலை நீட்டி இமையோரத்தைத் தொட்டுத் தொட்டு எடுக்கிறது. ஆமை கண்ணை மூடித் திறக்கிறது. குழல் விலகி, மறுபடி அதே இடத்துக்கே வருகிறது.

குடிப்பது கண்ணீர். தேவை உப்பு.

மேற்கு அமேசான், அட்லாண்டிக்கிலிருந்து 1,600 கிலோமீட்டருக்கும் அப்பால். கடல்காற்றின் உப்பு வழியிலேயே மழையோடு இறங்கிவிடும். பசிபிக் பக்கம் ஆண்டிஸ் மலை மறிக்கிறது. பூந்தேனிலும் சோடியம் மிகக் குறைவு.

கோஸ்டாரிகாவில் கெய்மன் என்ற ஒரு வகை முதலையின் கண்ணில் பட்டாம்பூச்சியும் தேனீயும் சேர்ந்தே குடித்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். நாம் கேலியாகச் சொல்லும் முதலைக் கண்ணீர், அங்கே யாருக்கோ சாப்பாடு!

இத்தனை தண்ணீர் ஓடும் காட்டில், பஞ்சம் ஒரு சிட்டிகை உப்புக்கு.

இந்த வகை ஆமையால் தலையை நேராக உள்ளே இழுக்க முடியாது, பக்கவாட்டில்தான் மடக்கும். சரி, தொல்லை என்றால் ஆற்றில் இறங்கியிருக்கலாமே?

கடைசி வரை இறங்கவில்லை.