கொலாஜன் கிரீம் வாங்கும் முன் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

ஆட்டுக்கால் சூப்பை ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்துக் காலையில் எடுத்தால் கட்டியாக உறைந்து நிற்கும். காலில் இருந்த கொலாஜன், அதாவது தோலுக்கும் எலும்புக்கும் உறுதி தரும் புரதம், வெந்து ஜெலட்டின் ஆகியிருக்கிறது. சூடாகக் குடிக்கும்போது உதடு பிசுபிசுவென்று ஒட்டுவதும் அதனால்தான். தோலுக்குள் இறங்கிச் சுருக்கத்தைப் போக்கும் என்று நம்பி வாங்கும் கொலாஜன் கிரீம் முகத்தில் செய்வதும் ஏறக்குறைய இதே வேலை: மேலே மெல்லிய படலமாக ஒட்டி ஈரத்தைப் பிடித்து வைக்கும். தோல் சில மணி நேரம் மெத்தென்று இருக்கும். முகம் கழுவினால் படலமும் போய்விடும்.

அது உள்ளே இறங்காததற்குக் காரணம் அதன் பருமன். தோலின் மேலடுக்கைத் தாண்ட ஒரு மூலக்கூறு சுமார் 500 டால்டனுக்குள் (மூலக்கூறின் எடையை அளக்கும் அலகு) இருக்க வேண்டும் என்பது தோல் மருத்துவத்தில் புழங்கும் கணக்கு. முழுக் கொலாஜன் சுமார் 3,00,000 டால்டன். ‘ஹைட்ரலைஸ்டு’ என்று போட்டிருந்தால் துண்டாக்கியது என்று பொருள். அந்தத் துண்டுகளும் பெரும்பாலும் ஆயிரக்கணக்கான டால்டன்தான். ஒன்றிரண்டு உள்ளே போனாலும் பெரிய பயன் இல்லை. தோலின் உள்ளடுக்கில் ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற செல்கள் அமினோ அமிலங்களைக் கோத்து, வைட்டமின் சி துணையோடு, மூன்று புரியாகத் திரித்துத்தான் கொலாஜனை உண்டாக்குகின்றன. வெட்டிய கயிற்றுத் துண்டுகளைக் கொண்டுவந்து கொட்டினால் கயிறு ஆகிவிடுமா?

லேபிளில் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பொருள்களை அளவு அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாகப் போடுவார்கள். அதில் ஃபீனாக்ஸிஎத்தனால் என்ற பதப்படுத்தியைத் தேடுங்கள். அது பொதுவாக 1 சதவீதத்தைத் தாண்டாது. கொலாஜன் அதற்குப் பின்னால் வந்தால், அதுவும் 1 சதவீதத்துக்குள்தான். டப்பாவின் முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருப்பது பின்பக்கத்தில் கடைசி வரியில் ஒதுங்கிக் கிடக்கும். ஈரப்பதம்தான் வேண்டும் என்றால் கிளிசரின் கலந்த சாதாரண மாய்ஸ்சரைசர் போதும். ‘மரைன்’ என்றால் மீனிலிருந்து எடுத்தது. மீன் ஒவ்வாமை உள்ளவர்கள் ஒதுங்கிக்கொள்ளலாம்.

இருக்கும் கொலாஜனைக் காப்பதற்குச் சன்ஸ்கிரீனை மிஞ்சியது இல்லை. வெயிலின் யூவிஏ கதிர், கொலாஜனை அறுக்கும் நொதிகளைத் தோலுக்குள் தூண்டிவிடுகிறது. இந்தக் கதிர் கண்ணாடியையும் ஊடுருவும். பஸ்ஸில் ஜன்னலோர சீட்டும் வெயில்தான். எஸ்பிஎஃப் 30க்குக் குறையாமல், யூவிஏ பாதுகாப்புக்கு பிஏ+++ அல்லது அதற்கு மேல் பார்த்து வாங்குங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்க வேண்டும். பலரும் இதில் பாதிகூடப் போடுவதில்லை. பிறகு சன்ஸ்கிரீன் சரியில்லை என்று குறை சொல்வார்கள். வெளியில் இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும் போட வேண்டும்.

புதிதாகக் கொலாஜனை உண்டாக்கத் தூண்டுபவை ரெட்டினாய்டுகள் என்ற வைட்டமின் ஏ வகைப் பொருள்கள். முகப்பருவுக்கு வந்த ட்ரெட்டினாயினுக்கு, மெல்லிய சுருக்கங்களுக்கும் பயன்படுத்த 1995-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஒப்புதல் தந்தது. அது டாக்டர் சீட்டோடு வாங்க வேண்டியது. சீட்டில்லாமல் கிடைப்பது ரெட்டினால். வேகம் குறைவு, எரிச்சலும் குறைவு. 0.2 அல்லது 0.3 சதவீதத்தில் தொடங்கினால் போதும். ராத்திரி முகம் கழுவி, ஈரம் முழுக்கக் காயும்வரை 20 நிமிடம் பொறுங்கள். முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு. கண்ணோரம், மூக்கு மடிப்பு, வாயோரம் வேண்டாம். முதல் மாதம் வாரத்துக்கு 2 ராத்திரி, பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள். எரிந்தால் முதலில் மாய்ஸ்சரைசர், அதன் மேல் ரெட்டினால், மறுபடியும் மாய்ஸ்சரைசர்.

சீக்கிரம் பலன் வேண்டும் என்று தினமும் அப்புவதில்தான் கெடுகிறது. தோல் உரிந்து சிவக்கும். நம் நிறத் தோலில் அந்தச் சிவப்பு ஆறும்போது கருந்திட்டாக நின்றுவிடும், அது போக மாதக்கணக்காகும். சுருக்கத்தில் மாற்றம் தெரியவே 3 முதல் 6 மாதம் பிடிக்கும். கர்ப்பிணிகளும் குழந்தைக்குத் திட்டமிடுபவர்களும் ரெட்டினாய்டைத் தொடவே கூடாது.

வைட்டமின் சி சீரம் காலையில், சன்ஸ்கிரீனுக்கு முன். லேபிளில் எல்-அஸ்கார்பிக் அமிலம் (வைட்டமின் சி-யின் வேதிப்பெயர்) 10 முதல் 20 சதவீதம் இருந்தால் சரி. காற்றும் வெளிச்சமும் பட்டால் கெட்டுவிடும். டிகாஷன் நிறத்துக்கு வந்துவிட்டதைத் தூக்கிப் போடுங்கள்.

மருந்துக் கடையில் ட்ரெட்டினாயின் கேட்கப்போய், அதோடு நிறத்தை வெளுக்கும் ஹைட்ரோகுவினோனும் மொமெட்டசோனும் சேர்ந்த மூன்று-கலவை டியூபோடு திரும்புகிறவர்கள் நிறைய. மொமெட்டசோன் ஒரு ஸ்டீராய்டு. முதல் சில வாரம் முகம் பளபளக்கும், அதை நம்பித்தான் விடாமல் போடுகிறார்கள். ஆனால் ஸ்டீராய்டு, கொலாஜன் உற்பத்தியையே அமுக்கிவிடும். தோல் மெலிந்து ரத்தக் குழாய் தெரியும், பரு கிளம்பும், பூனைமுடி வளரும். சுருக்கத்துக்கு மருந்து தேடியவருக்கு இது நேர் எதிரான வேலை. டியூபில் மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று எது இருந்தாலும் டாக்டர் சொல்லாமல் முகத்தில் போடாதீர்கள். ஏற்கெனவே மாதக்கணக்கில் போட்டு வருபவர்கள் தாமாகத் திடீரென நிறுத்தினால் முகம் சிவந்து தீயாக எரியும்; டியூபைக் கையோடு எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள், எப்படிக் குறைப்பது என்று அவர் சொல்வார்.