தாய்ப்பத்திரத்தில் இல்லாத கோடு

சென்னையை ஒட்டிய முடிச்சூர் பக்கம் மனை வாங்கியபோது நான் பார்க்காத காகிதம் இல்லை. தாய்ப்பத்திரம், 30 வருஷ வில்லங்கம், பட்டா, புல வரைபடம், லேஅவுட் ஒப்புதல். வக்கீலும் "டைட்டில் கிளியர் சார்" என்றார். 2015 டிசம்பர் 1 ராத்திரி, அங்கே கட்டின வீட்டில் மார்பளவு தண்ணீர். பீரோவில் வைத்திருந்த தாய்ப்பத்திரமும் ஊறிப்போனது.

எல்லோரும் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டதைத் திட்டினார்கள். நானும்தான். அன்றிரவு அங்கிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்தது உண்மை. ஆனால் அந்த உபரி அடையாற்றில் சேருவது திருநீர்மலைப் பக்கம். எங்கள் ஊர் ஆற்றோட்டத்தில் அதற்கும் மேலே. எங்கள் வீட்டுக்குள் வந்தது ஆதனூர் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீர். இது மண்டையில் ஏறவே எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று.

அதற்கப்புறம்தான் அ-பதிவேட்டில், அதாவது ஊர் நிலங்களின் வகை எழுதியிருக்கும் வருவாய்த்துறைப் பதிவேட்டில், என் சர்வே எண்ணைத் தேடினேன். நஞ்சை என்று இருந்தது. பாசன ஆதாரம்: ஏரி. நஞ்சை என்றால் நல்ல நிலம், அதிக விலை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பக்கத்துத் தெருப் பெரியவர், அங்கே நெல் போட்டவர், சிரித்துவிட்டார். "மதகத் தொறந்தா தானா பாயும் தம்பி. தானா பாயுதுன்னா அது பள்ளம்தானே?" எவ்வளவு கட்டணம் கொடுத்து வக்கீலிடம் கருத்து வாங்கினேன்!

ஏரிக்கும் வாய்க்காலுக்கும் நம் பதிவேட்டில் எல்லை உண்டு, கல் உண்டு. 2007-ஆம் வருஷ ஏரிகள் பாதுகாப்புச் சட்டமும் அந்த எல்லையை அளந்து ஆக்கிரமிப்பை எடுக்கத்தான். கரை தாண்டிய தண்ணீர் எங்கே பரவும் என்பதற்குக் கோடு கிடையாது. நான் ஆக்கிரமிப்பாளன் இல்லை. என் பட்டா சுத்தம். வெள்ளம் பட்டா பார்க்கவில்லை.

அந்தக் கோட்டைப் போட முடியாததும் இல்லை. தரைமட்டத்தை அளந்து, பழைய மழைக் கணக்கை வைத்து, 25 வருஷ வெள்ளம், 100 வருஷ வெள்ளம் எதுவரை வரும் என்று வரையலாம். (100 வருஷ வெள்ளம் என்றால் நூறு வருஷம் நிம்மதி என்று அர்த்தமில்லை. வருஷா வருஷம் 1 சதவீத வாய்ப்பு. 20 வருஷ வீட்டுக்கடன் முடிவதற்குள் அது 18 சதவீதம்.) வெள்ளச்சமவெளியை, அதாவது வெள்ளம் பரவும் நிலத்தை, எதற்குப் பயன்படுத்தலாம் என்று கட்டுப்படுத்தும் மாதிரி மசோதாவை மத்திய நீர் ஆணையம் மாநிலங்களுக்கு அனுப்பியது 1975-இல். மணிப்பூர், ராஜஸ்தான், உத்தராகண்ட் போன்ற சில மாநிலங்கள்தான் சட்டமாக்கின.

இங்கே பெரிய லேஅவுட்டுக்கு நீர்வளத்துறையின் தடையில்லாச் சான்று கேட்பார்கள். அதில் தரையை இத்தனை உயரம் மண் கொட்டி மேடாக்கு என்று நிபந்தனை வரும். மேடாக்கினவர் தப்பித்தார். அங்கே நின்றிருக்க வேண்டிய தண்ணீர் அடுத்த தெருவுக்குப் போகும்.

போன மாதம் தங்கை மாப்பிள்ளை மண்ணிவாக்கத்தில் மனை பார்க்கக் கூப்பிட்டார். தரகர் ஃபைலை நீட்டினார். நான் எதிரே இருந்த டீக்கடைக்குப் போய், "15-ல இங்க எவ்வளவுண்ணே?" என்றேன். கடைக்காரர் தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினார். அப்புறம் நாங்கள் பார்க்க வந்த மனையைப் பார்த்துவிட்டு, கையை இன்னும் ஒரு சாண் உயர்த்தினார்.