ஈரலுக்குள் ஒரு குறுக்கு நாளம்: நாட்குறிப்பு

யூன் 3
மத்தியானம் மகளுக்குச் சோறு தீத்திப் படுக்க வைத்தேன். வெகுநேரமாகியும் எழும்பவில்லை. உள்ளங்காலைச் சுரண்டினேன், வீரிட்டு அழுதாள். மாமி ஓடி வந்தார். "நித்திரையாய்க் கிடந்த குழந்தையை ஏன் பிள்ளை எழுப்பினாய்?" குடலிலிருந்து வரும் இரத்தம் ஈரலில் சுத்தமாகாமல், பிறவியிலேயே அதற்குள் இருக்கும் அந்தக் குறுக்கு நாளத்தால் நேரே இதயத்துக்குப் போய்விடுகிறது, அதிலுள்ள அம்மோனியா என்ற கழிவு தலைக்கு ஏறினால் அளவுக்கு மிஞ்சித் தூங்குவாள் என்றேன். "பல் முளைக்கிறது, அந்த அலுப்பு" என்றார் மாமி. அதுவாகவும் இருக்கலாம்.

யூன் 4
முற்றமெல்லாம் தவழ்ந்தாள். நல்ல நாள்.

யூன் 11
கிளினிக். அம்மோனியாவுக்கு இரத்தம். பட்டியை இறுக்கினால் அளவு கூடிக் காட்டும் என்று தாதி பட்டும் படாமலும் கட்டினார். குழாயை ஐஸ்கட்டிக்குள் புதைத்து இவர் கையில் தந்து, "தாமதிக்க வேண்டாம், உடனே ஆய்வுகூடத்தில் கொடுங்கள்" என்றார். இவர் ஓடிய ஓட்டத்தை நான் எங்கள் கலியாணத்துக்குப் பிறகு கண்டதில்லை. மறுமொழி: சற்றுக் கூட. மருந்துப் பாணியைத் தொடரச் சொன்னார்கள்.

யூன் 12
மீனும் முட்டையும் கொடுக்கவே கூடாது என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். வளரும் பிள்ளை, நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம் என்று டொக்டர் தெளிவாகச் சொன்னார். இன்றைக்கு விளைமீன் அவித்துக் கொடுத்தேன். சப்பிச் சப்பித் தின்றாள்.

யூன் 20
நித்திரை வரவில்லை. இருபது வயதில் இவள் எப்படி இருப்பாள்? எல்லாரும் ஈரலைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு நுரையீரல்தான் பயம். நாளம் திறந்தே கிடந்தால் நுரையீரல் நாடியில் அழுத்தம் ஏறலாமாம், ஒட்சிசன் குறையலாமாம். ஈரலில் கட்டிகள் வரலாம். படிப்பில் கவனம் சிதறலாம். நாளத்தை மூடினால் கட்டிகள் பலவேளைகளில் சுருங்கும், அம்மோனியா இறங்கும். ஏறிய அழுத்தம் மட்டும் எல்லாருக்கும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. அதனால்தான் இதய ஸ்கான் விடாமல் எடுக்கிறார்கள். ஒட்சிசன் குறைந்து நீலம் பாரித்துவிட்டதோ என்று ஒவ்வொரு நாளும் இவளது நகங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன். ரோசா நிறம். ரோசா நிறம்தான்.

யூலை 2
1793இல் லண்டனில் ஜோன் அபர்னெதி என்ற சத்திரசிகிச்சை நிபுணர்தான் இப்படியான ஒன்றை முதலில் எழுதி வைத்தாராம். இறந்த பத்து மாதப் பெண்குழந்தையின் உடலை அறுத்துப் பார்த்தபோது கண்டது. அந்தக் குழந்தையின் தாய்க்கு யார் என்ன சொல்லியிருப்பார்கள்? என் பிள்ளைக்கு உயிரோடு இருக்கும்போதே, வயிற்றில் ஜெல் தடவி, இரத்தம் ஓடும் திசையைத் திரையில் சிவப்பும் நீலமுமாகப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள்.

யூலை 3
நகம் ரோசா நிறம்.

யூலை 17
நல்லூரில் மாமி அர்ச்சனை செய்துவிட்டு வந்து நெற்றியில் திருநீறு பூசினார். தடுக்கவில்லை. நானும் பூசிக்கொண்டேன்.

ஓகஸ்ட் 8
இரவு பஸ்ஸில் கொழும்பு. வவுனியா தாண்டும் வரை மடியில் துள்ளிக்கொண்டிருந்தாள். ஸ்கானில் நாளம் ஒடுங்கியிருக்கிறது! ஈரலுக்குள்ளேயே இருக்கும் வகை என்பதால் இரண்டு வயதுக்குள் தானாக மூடிக்கொள்ள வாய்ப்பு உண்டு என்று முன்பே சொன்னார்கள்தான். அப்போது ஆறுதலுக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். மூடாவிட்டால், முதலில் பலூனால் அடைத்து ஈரல் அந்த அழுத்தத்தைத் தாங்குகிறதா என்று பார்ப்பார்கள். தாங்கினால் நாளத்துக்குள் குழாய் விட்டு அடைப்பார்கள், அல்லது சத்திரசிகிச்சை. இவர் வெளியே போய் நின்று அழுதுவிட்டு வந்தார்.

ஓகஸ்ட் 10
அடுத்த முறை கேட்க வேண்டியவை. தானாக மூடினாலும் எத்தனை வருடம் ஸ்கான் எடுக்க வேண்டும்? பாலர் பாடசாலைக்கு விடும்போது ஆசிரியைக்கு எதைச் சொல்ல வேண்டும்? இன்னொரு குழந்தை பெற்றால்