மூலையில் கிடக்கும் துண்டுக் கம்பி: ஒரு சைட் கணக்கு

சைட்டில் கழிவு என்றதும் கண் போவது உடைந்த செங்கல் மேலும் காய்ந்து கிடக்கும் கலவை மேலும்தான். காசு தூங்குவதோ மூலையில் துருப்பிடிக்கும் துண்டுக் கம்பியில். அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் கழிவைக் குறைக்கும் லீன் முறையையும், வாங்கியதையும் இருப்பையும் பதியும் ஈஆர்பிநெக்ஸ்ட் மென்பொருளையும் சேர்த்து நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது முதலில் கையில் எடுத்தது கம்பியைத்தான்.

கம்பி 12 மீட்டர் நீளத்தில் வருகிறது. ஒரு தளத்துக்கு 16 எம்எம் கம்பியில் 4.5 மீட்டர் துண்டு 40, 2.9 மீட்டர் துண்டு 40 வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பி கட்டுகிறவர் இன்றைக்கு வேண்டியதை மட்டும் இன்றைக்கு வெட்டுவார். 4.5-க்கு 20 கம்பி. ஒவ்வொன்றிலும் 3 மீட்டர் மிச்சம். அடுத்த வாரம் 2.9-க்குப் புதுக் கட்டைப் பிரித்து இன்னொரு 10. ஆக 30 கம்பி. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்திருந்தால் அந்த 3 மீட்டர் மிச்சத்திலேயே இருபது துண்டு தேறும், மீதி இருபதுக்கு 5 கம்பி போதும். 25-ல் முடிகிற வேலை. மீட்டருக்கு 1.58 கிலோ வீதம், இந்த இரண்டே அளவில் 95 கிலோ போச்சு.

அதனால் பார் பெண்டிங் ஷெட்யூலில், அதாவது எந்த இடத்துக்கு எந்த நீளத்தில் எத்தனை கம்பி என்ற பட்டியலில், வரும் பீம், காலம், ஸ்லாப் எல்லாவற்றையும் கம்பியின் விட்டவாரியாக (8 எம்எம், 16 எம்எம் என்று) சேர்த்து, நீளமான துண்டு முதலில் வரும்படி அடுக்கி, எந்தக் கம்பியில் எந்தெந்தத் துண்டு என்று கட்டிங் லிஸ்ட் போட வேண்டும். எக்ஸெல் போதும். லிஸ்ட்டை வெட்டும் மேசைக்குப் பக்கத்திலேயே ஒட்டுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது நல்வாழ்த்துப் படங்களுக்கு அடியில் போய்விடும். ஒரு மீட்டருக்கு மேல் உள்ள மிச்சங்களுக்கு விட்டத்துக்கு ஒரு நிறம் அடித்துத் தனி ரேக். ரேக்கைப் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் புதுக் கட்டுக்கு சீட்டு கிடையாது. ஒரு மீட்டருக்குக் குறைந்தவை, மேல் வரிசைக் கம்பியைத் தாங்கி நிற்கும் சேர் கம்பிக்கு ஆகும். துண்டுகளை ஒட்டுப் போட்டே தீர்த்துவிடலாம் என்று ஒரு யோசனை எப்போதும் வரும். 16 எம்எம்-க்கு விட்டத்தைப் போல் 50 மடங்கு லாப் (இரண்டு கம்பியும் ஒன்றன்மேல் ஒன்று படியும் நீளம்) விட்டால் ஒரு ஒட்டுக்கே 80 சென்டிமீட்டர் போகிறது. எல்லா ஒட்டும் ஒரே இடத்தில் விழுந்தால் பீமுக்கே ஆபத்து. இன்ஜினியர் சொல்லாத இடத்தில் ஒட்டு வேண்டாம்.

மென்பொருளில் சறுக்கும் இடம் அலகு. பில் கிலோவில் வருகிறது, வேலை எண்ணிக்கையில் நடக்கிறது. 8 எம்எம் கம்பி ஒன்று கணக்குப்படி 4.74 கிலோ, அதாவது டன்னுக்கு 211 கம்பி. ஆனால் கம்பிக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 1786-ஏ 10 எம்எம் வரைக்கும் எடையில் 7 சதவீதம் கூடக்குறைய அனுமதிக்கிறது. லோடு 5 சதவீதம் கனமாக வந்தால் டன்னுக்கு 201 கம்பிதான் இருக்கும். திரையில் பத்துக் கம்பி காணாமல் போயிருக்கும், பழி வாட்ச்மேன் தலையில் விழும். இதற்கு ஒரே வழி, லோடு இறங்கும்போதே எண்ணி, வே பிரிட்ஜ் எடையை எண்ணிக்கையால் வகுத்து, அந்த லோடுக்கு ஒரு கம்பி எத்தனை கிலோ என்ற மாற்று எண்ணை பர்ச்சேஸ் ரிசீட்டிலேயே போடுவது. இருப்பு எண்ணிக்கையில் நிற்கட்டும். மிச்ச ரேக்கையும் ஸ்கிராப்பையும் மென்பொருளில் தனித்தனி வேர்ஹவுஸாக உருவாக்குங்கள். இருப்பு மைனஸில் போக விடும் வசதியை முதல் நாளே அணைத்துவிடுங்கள். ஸ்டோர் கீப்பர் திட்டுவார். ஆனால் ரசீது ஏற்றாமலே சரக்கு வெளியே போவது அன்றைக்கே பிடிபடும்.

சனிக்கிழமை மாலை மேஸ்திரி, சென்ட்ரிங், கம்பி, எலெக்ட்ரிஷியன், பிளம்பர் எல்லோரும் அரை மணி நேரம் நின்றபடியே பேச வேண்டும். வேலை செய்கிறவர்களே வாரத் திட்டத்துக்கு வாக்குக் கொடுக்கும், க்ளென் பல்லார்டும் கிரெக் ஹோவெல்லும் உருவாக்கிய லாஸ்ட் பிளானர் முறையின் உயிர் இதுதான். அடுத்த வாரம் முடிப்பேன் என்று சொன்ன 20 வேலையில் 13 முடிந்தால் 65 சதவீதம். முக்கால்வாசி முடிந்த வேலைக்கு மதிப்பெண் பூஜ்யம். சதவீதத்தைவிட, முடியாததற்கு எழுதும் காரணம்தான் வேண்டியது. பூசிய சுவரை எலெக்ட்ரிஷியன் கொத்தினார் என்றால் காரணம் அவரா, வரைபடம் பிந்தி வந்ததா? கொத்திய சுவரும் திரும்பப் பூசிய சிமென்ட்டும் எந்தக் கழிவுப் பட்டியலிலும் வராது. வரைபடம் வராதது போன்ற தடை நீங்கிய வேலைக்கு மட்டுமே மெட்டீரியல் ரிக்வெஸ்ட் (மென்பொருளில் பொருள் கேட்கும் சீட்டு) போடுவது என்று வைத்தால், மூன்று மாதம் கிடந்து வலுவிழக்கும் சிமென்ட் மூட்டையும் தானாகக் குறைகிறது.

மாதக் கடைசியில் பழைய இரும்புக்காரர் தரும் எடைச்சீட்டையும் ஸ்டாக் என்ட்ரியாக ஏற்ற வேண்டும். மொத்தமாக எடை போட விடாதீர்கள். 8 தனி, 16 தனி என்று நிறுத்தினால்தான் எந்த விட்டத்தின் கட்டிங் லிஸ்ட் பொய் சொல்கிறது என்று தெரியும்.