கன்னியாவில் ஒரு வெப்பமானி

கொழும்பில் கோள்மண்டலம் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் எவ்வளவு நாளாகக் கேட்கிறார்கள், ஆனால் திருகோணமலையிலிருந்து 250 கிலோமீற்றருக்கு மேல், 18 பிள்ளைகளோடு உடனே முடியாது. சரி, பக்கத்திலேயே இருக்கிறதே என்று சனிக்கிழமை கன்னியா வெந்நீரூற்றுக்குக் கூட்டிப்போனேன். சதுரமாகக் கட்டிய ஏழு சின்னக் கிணறுகள், எட்டிப் பார்த்தால் அடித்தரை தெரியும். வாளியில் அள்ளி வெப்பமானியை விட்டால் ஒன்றில் இருக்கும் சூடு அடுத்ததில் இல்லை, நம்பாமல் திரும்பத் திரும்ப அளந்து கொப்பியில் எழுதினார்கள். “டீச்சர், கீழ அடுப்பு எரியுதா?” என்றாள் ஒருத்தி. அருமையான கேள்வி! இலங்கையில் எரிமலை இல்லை. மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, அங்கே சூடேறி மேலே வருகிறது. இராவணன் வாளால் நிலத்தில் குத்தி இந்த ஊற்றுகளை உண்டாக்கினான் என்ற கதையையும் சொன்னேன். அப்புறம் பஸ்ஸில் அவள், போத்தலில் பிடித்த தண்ணீர் ஆறிவிட்டதா என்று கன்னத்தில் வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள்.